லைட்டர் என்றால் படகு

பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொல் வேறு பொருளில் புரிந்துகொள்ளப்பட்ட அனுபவங்கள், மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை.

கடலூர் முதுநகரிலிருந்து:

ஏழாம் வகுப்பில் “என் தாத்தா லைட்டரில் வேலை பார்த்தார்” என்று சொன்னேன். பீடி பற்றவைக்கும் லைட்டரா என்று வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

தாத்தா காலத்தில் எங்கள் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கே போய்ச் சரக்கை ஏற்றிவரும் தட்டைப் படகுக்குப் பெயர் லைட்டர். தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துக்கூட வராது. ஆனாலும் பொருளை அவர்தான் சரியாகச் சொன்னார்: “கப்பலை இலேசாக்குகிற படகுடா அது. மூட்டை இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும்பும். தண்ணீருக்குள் இருந்த சிவப்புச் சாயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியும்.”

பின்னாளில் அகராதியைப் புரட்டினால் அதேதான். பாரம் குறைந்த ‘லைட்’ வேறு, வெளிச்சம் தரும் ‘லைட்’ வேறு. எழுத்து ஒன்று, வேர் இரண்டு. ஆசிரியரிடம் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் ‘ஸ்டே’ ஒரு மனிதரைத் திண்ணையில் உட்கார வைத்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துப் போன பிறகு தெருவே இருட்டு. மின்கம்பத்தைப் பார்க்க வந்த ஊழியர், வாசலில் நின்ற சித்தப்பாவிடம் “ஸ்டே போய்விட்டது ஐயா” என்றார். சித்தப்பாவுக்கோ அப்போது கடலூரில் நில வழக்கு. இடைக்காலத் தடை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. “வக்கீலுக்கு அவ்வளவு கொடுத்தேனே!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சித்திதான் சாய்ந்து கிடந்த கம்பத்தையும், அதை இழுத்துப் பிடித்திருந்து அறுந்துபோன கம்பியையும் காட்டினார்.

அந்தக் கம்பியின் பெயர் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிற்றிலிருந்து வந்த பழைய ஆங்கிலச் சொல். நீதிமன்றத்து ஸ்டேயும் விடுதியில் தங்கும் ஸ்டேயும் ‘நிற்பது’ என்ற லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. பிரெஞ்சு வழி என்றால் எங்கள் ஊருக்கும் கொஞ்சம் உரிமை உண்டு, விட்டுத்தர மாட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

தையல் கடை வைத்திருக்கிறேன். புடவையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துணியை நாங்கள் ‘ரன்னிங் பிளவுஸ்’ என்போம். வெளிநாட்டில் வளரும் பேத்தி விடுமுறைக்கு வந்தவள், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இதைப் போட்டுக்கொண்டு இவர்கள் எங்கே ஓடுவார்கள் பாட்டி?” என்றாள். எண்பது கிலோ இருக்கும் வாடிக்கைக்காரர் ஒருவர் அப்போதுதான் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, அவரே முதலில் சிரித்தார்.

ஆக்ஸ்போர்டு அகராதியில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 600-க்கு மேல் பொருள் இருக்கிறதாமே? எங்கள் பிளவுஸ் அதில் இருக்கிறதா, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.