பிள்ளைகளுக்கு வாட்டர்கலர்: எல்லாமே சேற்று நிறமாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம் அம்மா:
வணக்கம். கடலூரில் இருக்கிறோம். பெண்ணுக்கு 8 வயது, பையனுக்கு 6, இரண்டு பேரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். கைவேலை நேரத்துக்கு இந்த வருடம் வாட்டர்கலர் என்று முடிவு செய்து ஜூன் மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் உட்கார வைக்கிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரை, படகு, தென்னைமரம் என்று நான் பென்சிலில் வரைந்து கொடுப்பேன், அவர்கள் வண்ணம் அடிப்பார்கள். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் ஒரே சேற்று நிறம். தாள் சுருண்டு, மேலே பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து வருகிறது. பையன் தேய்க்கிற தேய்ப்பில் பிரஷ் துடைப்பம் மாதிரி விரிந்துவிட்டது. போன வாரம் பெண், "எனக்கு வரைய வரலம்மா, வேற ஏதாவது குடு" என்று எழுந்து போய்விட்டாள். அது மனதில் தைத்துவிட்டது. வைத்திருப்பது சாதாரண டிராயிங் நோட்டு, 12 கலர் கேக் டப்பா, அதோடு வந்த பிரஷ். நான் முறையாகக் கற்றவள் இல்லை, ஆனாலும் நானே சொல்லித்தர ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

அரியாங்குப்பம் டிராயிங் மாஸ்டர்:
முதல் வேலையாகப் பெண்ணிடம், உன் கையில் ஒரு குறையும் இல்லை, தாள்தான் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள் அம்மா. நோட்டுத் தாள் பென்சிலுக்கும் கிரேயானுக்கும் ஆனது, தண்ணீரைத் தாங்காது. வாட்டர்கலர் தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் 22க்கு 30 அங்குல முழுத் தாளை வெட்டினால் ஐந்தரைக்கு ஏழரையில் 16 துண்டு கிடைக்கும், பிள்ளைகளின் கைக்கு அந்த அளவே போதும். பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, மற்ற மூன்று ஓரங்களையும் பேப்பர் டேப்பால் ஒட்டிவிட்டால் அவ்வளவாகச் சுருளாது. புதுச்சேரி பக்கம் வந்தால் அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த தாளைப் பார்ப்பீர்கள், பருத்தித் துணியிலிருந்து செய்வது, அழகாக இருக்கும். ஆனால் கையால் செய்த தாள் எதுவானாலும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், மை ஒற்றும் தாள் மாதிரி உடனே குடித்துவிட்டால் வாட்டர்கலருக்கு வேண்டாம்.

பிரஷ் ஒன்று போதும், ரவுண்டு 8ஆம் நம்பர். நனைத்தால் முனை கூராகக் கூட வேண்டும். அப்புறம் ஒரு மாதத்துக்குப் படமே வேண்டாம். முனையை வைத்து, மெல்ல அழுத்தி, இழுத்துக்கொண்டே தூக்கினால் ஒரு வேப்பிலை விழும். அழுத்தம் குறைந்தால் முருங்கை இலை. இந்த ஒரு அசைவு கையில் ஏறினால் இலை, இதழ், மீன், இறகு எல்லாம் அதிலிருந்தே வரும். நீங்கள் கோடு போட்டுக் கொடுத்ததால்தான் பையன் அதற்குள் நிரப்பத் தேய்க்கிறான். கோலம் போடுகிற பாட்டி முதலில் பென்சிலால் கோடு இழுத்துப் பார்ப்பதில்லையே.

சேறு ஏன் வருகிறது என்றால், 12 நிறமும் ஒரே தண்ணீரில் கலப்பதால். இரண்டு பாட்டில் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று புதிதாகத் தொட. டப்பாவில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்து வைத்துவிடுங்கள். கனகாம்பர நிறம் எதிலிருந்து வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வெள்ளை வேண்டுமா, அந்த இடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும். பிள்ளைகளுக்கு இது புரிய நாளாகும், பரவாயில்லை.

திருப்பாதிரிப்புலியூர், மூன்று பிள்ளைகள்:
மாஸ்டர் சொன்னதோடு ஒன்று. நம் கடற்கரைக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், தாள் காயவே காயாது. பாதி ஈரத்தில் அடுத்த நிறத்தைத் தொட்டால் காலிஃபிளவர் மாதிரி திட்டுத் திட்டாகப் பரவும். அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு துண்டு கொடுங்கள், ஒன்று ஃபேனுக்கடியில் காயும்போது இன்னொன்றில் வேலை நடக்கும். கலர் டப்பாவை ஈரத்தோடு மூடாதீர்கள், எங்கள் டப்பா போன மழைக்குப் பூஞ்சை பிடித்து அப்படியே போனது. பிரஷ்ஷைத் தண்ணீரில் நிறுத்தி வைக்கக் கூடாது, முனை மடங்கிவிடும்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை இயற்கை நோட்டோடு சேர்த்துவிடலாம். 1923இல் மறைந்த ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் வழியில் நடத்துகிற வீடுகளில், வெளியே பார்த்த பூவையோ பூச்சியையோ பிரஷ்ஷாலேயே நோட்டில் பதிவது வழக்கம். தண்ணீர் குறைவாக, நிறம் கெட்டியாகத் தொட்டு எழுதுவதுதான், அதனால் சுமாரான தாளும் தாங்கும். நாங்கள் கெடிலம் கரையில் பொறுக்கிய ஒரு புங்கங்காயை வைத்து நான்கு நாள் ஓட்டினோம். 20 நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டை அப்பா:
மாஸ்டர் சார் கோபிக்கக் கூடாது, பென்சிலே கூடாது என்பது 6 வயதுக்குக் கொஞ்சம் கடினம். என் மகன் வெற்றுத் தாளைப் பார்த்தாலே அழுவான். இலையின் அடிக்கு ஒரு புள்ளி, நுனிக்கு ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே இழுப்பு. மூன்று வாரத்தில் புள்ளியே வேண்டாம் என்றுவிட்டான்.

அரியாங்குப்பம் டிராயிங் மாஸ்டர்:
கோபம் எதற்கு சார், நல்ல யோசனை. கோலத்திலும் புள்ளி உண்டே. சின்னப் பிள்ளைகளுக்கு நானும் இதைச் செய்து பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தாள் மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. பையன் புள்ளிக்குப் புள்ளி இலையாக இழுத்துத் தள்ளுகிறான். பெண் நேற்று முருங்கைக் கொத்து ஒன்றைப் பார்த்து வரைந்தாள், பதினொரு இலை, கீழே தேதி போட்டுத் தரச் சொன்னாள். இப்போது ஜன்னலில் வந்து உட்காரும் காக்காயை வரையணுமாம். மூன்று நிறத்தில் கறுப்புக்கு எங்கே போவது மாஸ்டர்?

அரியாங்குப்பம் டிராயிங் மாஸ்டர்:
நீலம் அதிகம், சிவப்பு அதில் பாதி, மஞ்சள் ஒரு துளி, தண்ணீர் குறைவாக. முழுக் கறுப்பு வராது, நீலம் ஓடின கருமையாக வரும். வெயிலில் காக்காயின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த நிறம்தான். கழுத்து சாம்பலாக இருக்கும், அங்கே மட்டும் அதே கலவையில் தண்ணீர் கூட்டிக்கொள்ளட்டும்.