ஏலச்செடி பூக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை

கூடலூர்_மருமகள்:
எங்கள் வீடு நீலகிரிக் கூடலூரில். பின்பக்கம் மூன்று சென்ட்கூட வராது. பழைய பலாமரம் ஒன்று, அதன் அடியில் ஓர் ஏலத்தூர். மாமியார் வேலை பார்த்த தோட்டத்திலிருந்து கிழங்கோடு பெயர்த்து வந்து வைத்தது. இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. மே மாதத்திலிருந்து அடியில் சரம் சரமாகப் பூ. வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடு, பார்க்க அத்தனை அழகு. ஆனால் மறுநாளே வாடி உதிர்ந்துவிடுகிறது. ஒரு சரத்தில் இரண்டு மூன்று காய் நின்றாலே பெரிது. பக்கத்து வீட்டில் மரம் வெட்டியதிலிருந்து மேற்குப் பக்க இலைகளும் ஓரம் கருகுகின்றன. உரக்கடையில் பூ உதிராமலிருக்க ஒரு மருந்தும், பூச்சிக்கு ஒரு மருந்தும் சேர்த்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? வீட்டுக் காயைத் தட்டிப் போட்டுப் பாயசம் வைக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை.

கோவை_மாடித்தோட்டம்:
உங்களுக்குப் பூவாவது வருகிறதே! நர்சரியில் ஏலக்காய் என்று சொல்லிக் கொடுத்த செடி எங்கள் தொட்டியில் புதராக நிற்கிறது. இலையைக் கசக்கினால் நல்ல வாசனை. பூ மட்டும் வரவே இல்லை. யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

போடிமெட்டு_ஏலக்காரன்:
தங்கச்சி, இரண்டு மருந்தும் வேண்டாம். பூச்சி மருந்தை இந்த நேரத்தில் கண்டிப்பாகத் தொடாதீர்கள். ஏலப்பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். விடியலில் விரியும், அன்றைக்குள் மகரந்தம் சேர்ந்தால் காய், இல்லாவிட்டால் உதிரும். மகரந்தம் தானாகப் போய்ச் சூல்முடியில் ஒட்டாது, தேனீ உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டும். உங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் விடாமல் மழை அடிக்கும்போது தேனீ கூட்டை விட்டுக் கிளம்பாது. பூ கொட்டுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த நேரத்தில் விஷத்தையும் அடித்தால், மழை விட்ட பிறகு வருகிற தேனீயும் செத்துப்போகும்.

இன்னொன்று, சரம் தரையில் படர்ந்து கிடக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா? படர்ந்து கிடந்தால் அது மலபார் வகை. கூடலூர் உயரத்துக்கு அது பொருத்தமான வகைதான். ஆனால் பலா இலை கொட்டிச் சரத்தை மூடிவிடும். இலைக்குள் புதைந்த பூவைத் தேனீ எப்படிக் கண்டுபிடிக்கும்? பூக்கும் காலத்தில் சருகைக் கையால் ஒதுக்கி, சரம் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். காய்ந்த தட்டைகளை அறுத்து எடுத்தால் காற்றும் வரும். ஒதுக்கிய சருகை எரித்துவிடாதீர்கள்! மழை ஓய்ந்ததும் அதையே தூரைச் சுற்றிப் போட வேண்டும். சோலைக்குள் மரத்தடியில், மக்கின இலையில் வேர் ஓட்டி வாழ்கிற செடி இது. அதன் வேர் மேலாகவே ஓடும், அதனால் மண்வெட்டியால் கொத்தவும் கூடாது. ஜனவரியிலேயே அடுத்த சரம் அடியில் முளைவிடத் தொடங்கும். பிப்ரவரியிலிருந்து மே வரை ஈரம் காய்ந்தால் சரம் நீளாது. கோடையில் தண்ணீர் விடுங்கள், ஆனால் தூரில் தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகும்.

இலை கருகுவது மேற்கு வெயிலால். ஏலத்துக்குப் பாதி நிழல், பாதி வெளிச்சம் சல்லடையில் சலித்த மாதிரி விழ வேண்டும். இப்போதைக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல்வலை கட்டுங்கள். அப்புறம் ஒரு மரக்கன்று வையுங்கள். நிழல் வேண்டும் என்று பலாவை அப்படியே அடர்த்தியாக விட்டுவிடாதீர்கள். வெளிச்சமே இல்லாவிட்டால் இலைதான் செழிக்கும், சரம் குறையும். மழைக்கு முன்னால் தாழ்ந்த கிளைகளைக் கொஞ்சம் கழிக்கலாம்.

கோவைத் தம்பிக்கு: வாசனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சித்தரத்தை இனத்துச் செடிகளையும் ஏலக்காய் என்று விற்கிறார்கள், அவற்றின் இலையும் மணக்கும். பூ வரும் இடத்தைப் பாருங்கள். ஏலத்துக்குச் சரம் தூரின் அடியிலிருந்து கிளம்பும். தண்டின் உச்சியில் பூங்கொத்து வந்தால் அது வேறு செடி. அசல் ஏலமாகவே இருந்தாலும் 600 மீட்டருக்கு மேலே, ஈரக்காற்று இருக்கிற மலையில்தான் நன்றாகக் காய்க்கும். கோவை மொட்டைமாடியில் காயை எதிர்பார்க்க முடியாது.

ஏற்காடு_காப்பி:
மழை விடாத நாட்களில் நாங்கள் காலையிலேயே மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவிவிடுவோம். ஒரே பூவின் மகரந்தம் போதும். தோட்டம் முழுக்கச் செய்ய முடியாது, வீட்டில் ஒரு தூருக்கு முடியும்.

கூடலூர்_மருமகள்:
அண்ணா, மிக்க நன்றி. சரம் தரையில்தான் கிடக்கிறது, மேலே சருகும் இருக்கிறது. நாளைக்கே ஒதுக்கிவிடுகிறேன். தூருக்குப் பக்கத்தில் சேம்பு நிறைய முளைத்திருக்கிறது, இருக்கட்டுமா?

போடிமெட்டு_ஏலக்காரன்:
சேம்பைப் பிடுங்கிவிடுங்கள். கட்டே என்கிற வைரஸ் நோயைப் பரப்புகிற அசுவினிப் பூச்சி அதிலும் பெருகும். இளம் இலையில் நரம்பை ஒட்டி வெளுத்த கோடுகள் தெரிந்தால் அந்த நோய்தான். மருந்து கிடையாது, தூரோடு எடுத்து அழிக்க வேண்டும். அந்தத் தூரிலிருந்து யாருக்கும் கன்று கொடுக்கக் கூடாது.

காய் நின்றால் தோல் மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம். பூத்து ஏறக்குறைய நான்கு மாதம் ஆனதும் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே விதை கறுத்திருந்தால் பறிக்கலாம். நேர்வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும். ஒரு வீட்டுத் தேவைக்கு அடுப்புக்கு மேலே, மிதமான சூட்டில் உலர்த்தினால் போதும். மாமியாருக்குச் செய்முறை தெரிந்திருக்கும், அவர்களிடமும் கேளுங்கள்.