வேலை தேடுவோரின் 'பிராண்டிங்': 'பெயரெடுப்பு' பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வேலை தேடும் ஒருவர் தம் திறமையையும் செய்து முடித்த வேலைகளையும் பிறர் நினைவில் நிற்கும்படி திட்டமிட்டு வெளிக்காட்டுவதை 'பேர்சனல் பிராண்டிங்' என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை தனிநபர் வர்த்தகநாமம், தன்னடையாளம், தற்குறியாக்கம் என்று மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மட்டக்களப்பில் தொழில் வழிகாட்டல் வகுப்பு எடுப்பவன் என்ற முறையில், இவற்றுள் முதலாவதை நானே வகுப்பில் பாவித்துப் பார்த்துக் கைவிட்டவன்.

நம் நாட்டுப் பத்திரிகைகளில் 'பிராண்ட்' என்பதற்கு வர்த்தகநாமம் என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் அது பொருந்தும். ஆனால் 'உங்கள் வர்த்தகநாமத்தைக் கட்டியெழுப்புங்கள்' என்று கரும்பலகையில் நான் எழுதிய அன்று, களுவாஞ்சிகுடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, அதைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டுமா, எவ்வளவு கட்டணம் என்று கேட்டாள். அவளுடைய கேள்வியில் பிழையில்லை. வணிகப் பெயர்ப் பதிவைத்தான் அவளுக்கு அந்தச் சொல் நினைவூட்டியது.

'பிராண்ட்' என்ற ஆங்கில மூலச்சொல்லுக்கு எரிதல், கொள்ளி என்பவையே பழைய பொருள். சுட்ட இரும்பால் விலங்கின் தோலில் இட்ட அடையாளத்துக்கும், பின்னர் சரக்கின் மேல் பொறித்த குறிக்கும் அது பெயராயிற்று. மனிதருக்கு அதை ஏற்றிச் சொல்லும் வழக்கம், 1997 இல் அமெரிக்க இதழொன்றில் முகாமைத்துவ எழுத்தாளர் டாம் பீற்றர்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவலாயிற்று. இந்த வரலாற்றை வகுப்பில் விளக்கியபோது, படுவான்கரையில் மாட்டுப் பட்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் பின்வரிசையிலிருந்து சிரித்தான். "குறி சுடுறது மாட்டுக்கு, சேர். பட்டி மாறிப் போனா ஆர்ட மாடு எண்டு தெரியத்தான்" என்றான். குறி சுடப்பட்ட மாடு உரிமையாளனைத்தான் காட்டுகிறது. அது நன்றாகப் பால் கறக்குமா என்பதைக் குறி சொல்வதில்லை. குறி, முத்திரை என்று தொடங்கும் சொற்கள் எல்லாவற்றிலும் எனக்குள்ள தயக்கத்தை அந்தப் பையன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

தற்குறியாக்கத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தன் என்பதும் குறி என்பதும் புணர்ந்தால் தற்குறி என்று வருவது இலக்கணப்படி சரிதான். ஆனால் எழுதத் தெரியாதவர் கையொப்பத்துக்குப் பதிலாக இடும் கீறலுக்கும், பிறகு எழுத்தறிவற்ற அவருக்குமே அது பெயராகிப் பல காலமாயிற்று. பட்டம் பெற்று வேலை தேடுகிறவரைத் தற்குறியாக்க நாம் முயல வேண்டாம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதை நினைவூட்டி, தூய தமிழ்ச் சொல்லே வேண்டும் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அதில் எனக்கு மறுப்பில்லை. வேர் தமிழாக இருப்பதோடு, கேட்பவர் காதில் வேறு பொருள் முந்திக்கொண்டு நிற்காமலும் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. தன்னடையாளமும் அப்படித்தான்: எங்கள் பக்கத்தில் அடையாளம் என்றால் கை முதலில் அட்டையைத் தேடிச் சட்டைப் பைக்குப் போகும்.

என் முன்மொழிவு பெயரெடுப்பு. 'நல்ல வேலைகாரன் எண்டு பேரெடுத்தவன்' என்று நாம் அன்றாடம் சொல்வதிலிருந்தே இதை எடுத்தேன். பெயர் என்பது பிறர் கொடுப்பது, பிராண்டிங் என்பதோ ஒருவர் தாமே முயன்று செய்வது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். பரீட்சையில் புள்ளியைக் கொடுப்பவர் பரீட்சகர். ஆனாலும் பிள்ளை 'எண்பது புள்ளி எடுத்தது' என்றுதான் சொல்கிறோம். முயற்சி ஒருவருடையது, தீர்ப்பு மற்றவருடையது என்ற இரண்டையும் 'எடு' என்ற வினை சேர்த்தே தாங்குகிறது. பேச்சுவழக்குச் சொல் என்ற குறையும் நிற்காது. கணக்கெடுப்பு என்பதை இன்று யாரும் பேச்சுவழக்கு என்பதில்லை.

முதலில், பெயரைச் சம்பாதித்தல் என்ற பொருளில், பெயரீட்டல் என்றுதான் எண்ணியிருந்தேன். உயிரியல் கற்பிக்கும் என் மனைவி, இருசொற் பெயரீடு என்பது தாவரங்களுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டும் முறையாயிற்றே என்று தடுத்துவிட்டார். பெயரெடுப்புக்கு முன்னால் 'தொழில்' என்பதையும் ஒட்ட வேண்டாம். தொழிற்பெயர் என்றதும் இலக்கண வகுப்பு வந்துவிடும்.

வகுப்பில் இந்தச் சொல்லைச் சென்ற மாதம் சோதித்தேன். குளிரூட்டி திருத்தும் பயிற்சி முடித்த மாணவர் ஒருவர் தம் சுயவிபரக் கோவையின் தலைப்பில் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்று எழுதியிருந்தார். எதில் பெயரெடுக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அதை வெட்டி, 'மீன் வாடிகளின் ஐஸ் அறைகளைப் பழுதுபார்ப்பவர். கொம்பிரஷர் வேலையில் அனுபவம் உள்ளவர்' என்று எழுதினார். லிங்க்ட்இன் பக்கத்திலும் அதையே இட்டு, தாம் திருத்திய அறையொன்றின் படத்தையும் சேர்த்தார். 'உங்கள் வர்த்தகநாமம் என்ன' என்று கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திராது என்றே நினைக்கிறேன்.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை: கெட்ட பெயரையும் எடுக்கலாம். 'நற்பெயரெடுப்பு' என்று நீட்டினால் சொல் கனத்துவிடுகிறது. தவிர, பிராண்டும் கெடக்கூடியதுதானே. பொருள்களுக்கு வர்த்தகநாமம், ஆட்களுக்குப் பெயரெடுப்பு என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அடுத்த அணிக்கான கையேடு இம்மாத முடிவில் அச்சுக்குப் போகிறது; மறுப்புள்ளவர்கள் அதற்கு முன் எழுதினால் திருத்திக்கொள்வேன்.