1911 பிஸ்டல்: பழைய கோல்ட் வேலைப்பாடா, இன்றைய மெஷின் வேலையா?

பழைய இரும்பு:
போன வாரம் நண்பர் ஒருவரிடம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, கோல்ட் (Colt) கம்பெனி செய்த 1911 மாடல் பிஸ்டல் ஒன்றைப் பார்த்தேன். ஸ்லைடை, அதாவது மேலே முன்பின் நகரும் பகுதியை, இழுத்தால் எண்ணெயில் வழுக்குவது போலப் போகிறது. அந்த நீல மெருகில் முகம் தெரிகிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த .45 அங்குலத் தோட்டா பிஸ்டல், அமெரிக்க ராணுவம் ஏற்கும் முன் நடந்த சோதனையில் 6,000 தோட்டா சுட்டும் சிக்கவில்லை. இன்று கடையில் புதிதாக வாங்குவது முதல் 200 தோட்டாவிலேயே தடுமாறுகிறது. தொழிற்சாலைத் தரம் இறங்கிவிட்டது என்பதே என் கருத்து.

லேத் மணி:
அண்ணே, மெருகு வேறு, தரம் வேறு. நான் மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவன். அந்தக் காலத்து ஆரம்ப ஸ்லைடுகளுக்கு இன்று போல வெப்பப் பதப்படுத்தல் கிடையாது. இரும்பு மென்மையானது, அதிகம் சுட்டால் விரிசல் விடும். சேகரிப்பவர்கள் அவற்றைச் சுடாமல் வைத்திருப்பது அதனால்தான். உருண்டை முனைத் தோட்டாவை மட்டும் நினைத்துச் செய்த பிஸ்டல் அது. குழிமுனைத் தோட்டா போட வேண்டுமென்றால் துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து, தோட்டா ஏறும் சரிவை அராவி வாங்க வேண்டும். இன்று அது பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தயாராக வருகிறது.

பழைய இரும்பு:
பதப்படுத்தல் விஷயத்தில் நீ சொல்வது சரி தம்பி. ஆனால் என் சொந்த அனுபவம் இது: புதிதாக வாங்கிய 1911இல் எக்ஸ்ட்ராக்டர், அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி, சில நூறு தோட்டாவில் ஒடிந்தது. உள்ளே பார்த்தால், உலோகப் பொடியைப் பிசின் கலந்து அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டெடுத்த எம்ஐஎம் பாகம். எக்ஸ்ட்ராக்டர் என்பது வளைந்து கொடுத்தே வேலை செய்யும் ஒரு ஸ்பிரிங். அதை அப்படிச் செய்யலாமா?

டெக்சாஸ்காரன்:
இருவருமே 'பழையது' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள். போர்க்காலத்தில் டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டுதான் மற்ற எல்லாரையும்விட அதிகமாக 1911ஏ1, அதாவது 1911இன் திருத்திய வடிவம், செய்தது. ரயில்வே சிக்னல் செய்த கம்பெனியும் செய்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்பதால் வேண்டுமென்றே தளர்வாக விட்டார்கள். குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும், சேற்றிலும் சுடும். அப்புறம் 1970இல் வந்த கோல்ட்டின் சீரிஸ் 70 மாடலில் பேரல் முனையைப் பிடிக்க விரல் விரலாகப் பிளந்த புஷ்ஷிங் என்ற வளையம் வைத்தார்கள். அந்த விரல்கள் ஒடிந்ததால் பின்னால் அதைக் கைவிட்டார்கள். 1986இல் ஹார்ட்ஃபோர்டில் உள்ள கோல்ட் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கி நான்கு வருடம் நீண்டது. அனுபவசாலிகள் வெளியே, புதியவர்கள் உள்ளே. 1988இல் ராணுவத்தின் எம்16 துப்பாக்கி ஒப்பந்தம் எஃப்என் என்ற போட்டிக் கம்பெனிக்குப் போனது. 1992இல் கோல்ட் திவால் மனு போட்டது. அந்த இடைவெளியில்தான் 1911 செய்யும் ஸ்பிரிங்ஃபீல்டு, கிம்பர் கம்பெனிகள் வளர்ந்தன. 1925இன் கோல்ட்டும் 1987இன் கோல்ட்டும் ஒரே பெயர் போட்ட இரண்டு வேறு பொருள்கள்.

லேத் மணி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முன்பு பெஞ்சில் உட்கார்ந்து அரம் பிடித்தவரின் கையைப் பொறுத்து ஒவ்வொரு பிஸ்டலும் மாறும். கணினி இயக்கும் சிஎன்சி மெஷினில் ஆயிரமாவது ஸ்லைடும் முதல் ஸ்லைடின் அளவிலேயே வரும். எம்ஐஎம்மையும் மொத்தமாகத் திட்ட வேண்டாம். சேஃப்டி லீவருக்கு அது போதும், எக்ஸ்ட்ராக்டருக்குக் கூடாது. எங்கே அதைப் போடுவது என்று முடிவு செய்தவர்தான் தப்பு செய்தார், மெஷின் இல்லை.

பழைய இரும்பு:
அந்த முடிவைத்தானே நான் தரம் என்கிறேன்! பழைய ஆள் ஸ்பிரிங் ஸ்டீலில் கடைந்து செய்தான். காசு மிச்சம் பிடிக்கப் பொடியில் வார்க்கவில்லை. இப்போது கடைந்த எக்ஸ்ட்ராக்டர் ஒன்றை வாங்கி, இறுக்கம் சரிபார்த்து நானே பொருத்தினேன். 400 தோட்டா ஆயிற்று, ஒருமுறையும் சிக்கவில்லை. பிஸ்டல் நல்லதுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழு விலை கொடுத்து வாங்கியவன் இந்த வேலையை ஏன் தன் வீட்டு மேசையில் செய்ய வேண்டும்?