வருணனைக் கட்டுரை: சகமாணவரின் கருத்தைக் கொண்டு திருத்தி எழுத வைப்பது எப்படி?

கேள்வி (உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியை)

வணக்கம். உயர்நிலை இரண்டில் பயிலும் என் மாணவர்கள், மீன், இறைச்சி, காய்கறி விற்கும் சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையைப் பற்றி வருணனைக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். முதல் வரைவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கச் சொன்னால், பெரும்பாலோர் ‘நன்று’, ‘இன்னும் விரிவாக எழுது’ என்று குறித்துவிட்டு, லகர ளகரப் பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறார்கள். எழுதியவரும் அப்பிழைகளை நீக்கி, வருணனையைத் தொடாமலேயே இரண்டாம் வரைவை ஒப்படைக்கிறார். ஒருவர் எழுத்தை இன்னொருவர் படிப்பதால் வருணனை உண்மையிலேயே மேம்பட, என்ன செய்யலாம்?

பதில் 1

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நண்பரின் கட்டுரையை மதிப்பிடச் சொன்னால், தம் கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் செய்வதையே மாணவரும் செய்வார். அவர் கண்டிருக்கும் திருத்தம் அதுதான். ஆகவே மதிப்பிடும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, படித்தபோது மனத்தில் என்ன தோன்றியது, எந்த இடத்தில் எதுவுமே தோன்றவில்லை என்பதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கண்முன் வந்த வரிக்கு அடிக்கோடு; வராத வரிக்கு ஓரத்தில் ஒரு கேள்வி. ‘சந்தை பரபரப்பாக இருந்தது’ என்பதற்கு எதிரே ‘யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள்?’ என்ற கேள்வி இருந்தால், எழுதியவர் தாம் பார்த்ததை மீண்டும் நினைத்துப் பார்த்தாக வேண்டும். ‘மீன்கடைக்காரர் பனிக்கட்டியை அள்ளிக் கொட்டிய சத்தத்தில், அம்மா விலை கேட்டது அவர் காதில் விழவே இல்லை’ என்பது போன்ற வாக்கியம் அப்படித்தான் பிறக்கும். அதற்குப் பிறகு ‘பரபரப்பு’ என்ற சொல்லே தேவைப்படாது. இந்தச் சுற்றில் எழுத்துப்பிழையை யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நீக்கப்படப்போகும் வாக்கியத்துக்குப் பிழைதிருத்தம் எதற்கு?

பதில் 2

மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தேர்வுக்காக மனப்பாடம் செய்த தொடர்கள் இந்த முறைக்குக் குறுக்கே நிற்கும். ‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்று தொடங்கும் கட்டுரையைப் படிக்கும் நண்பர், அதையே அழகான வரி என்று அடிக்கோடிடுவார்; கூரைக்குக் கீழே இருக்கும் சந்தைக்குள் பொற்கதிர் எப்படி வந்தது என்று கேட்க அவருக்குத் துணிவு வராது. எனவே இருவர் இருவராகப் பிரிப்பதற்கு முன், நீங்களே எழுதிய பத்தி ஒன்றைத் திரையில் காட்டி, ‘இந்த வரி வேறோர் இடத்துக்கும் அப்படியே பொருந்துமா?’ என்று வகுப்பு முழுவதும் கேட்கட்டும். பொருந்தினால் அது தேக்காவின் வருணனை அன்று. ஆசிரியரின் எழுத்தையே கேள்வி கேட்கலாம் என்று கண்ட பிள்ளைகள், நண்பரின் எழுத்தைக் கேட்கத் தயங்க மாட்டார்கள்.

இன்னொன்று: வீட்டில் ஆங்கிலமே பேசும் மாணவருக்குக் கருத்தையும் எழுத்துத் தமிழில் எழுதுவது பெரும் பாரம். கற்றல் சாதனம் (பாடத்துக்கான மடிக்கணினி அல்லது கைக்கணினி) கையில் இருப்பதால், கருத்தைப் பேச்சுத்தமிழில் பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். எழுதும்போது ‘நன்று’ என்று நிறுத்திக்கொள்பவர்கூட, பேசும்போது ‘இந்தக் கடையில என்ன வாசனை வந்துச்சுன்னு சொல்லவே இல்லையே’ என்பார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நண்பர் கேட்ட எல்லாவற்றையும் எழுதியவர் சேர்த்தாக வேண்டுமா? அப்படிச் சேர்த்தால் கட்டுரை வெறும் விவரப் பட்டியலாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1

சேர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அருகில், எதை மாற்றினார் அல்லது ஏன் மாற்றவில்லை என்று எழுதியவர் ஒரே வரியில் குறிக்கட்டும். ‘பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன், அதனால் காய்கறிக் கடையை விட்டுவிட்டேன்’ என்று ஒரு மாணவர் எழுதினால், அந்த மறுப்புக்கும் மதிப்பெண் கொடுங்கள்.