“தோட்டக்காட்டான்” வசையா, ஊர்ப்பெயரா?

உப்புவெளிக்காரன்: திருகோணமலைச் சந்தையில் எங்கள் கடைக்கு மூட்டை இறக்க வரும் தம்பியைப் பக்கத்துக் கடை முதலாளி “டேய் தோட்டக்காட்டான்” என்றுதான் கூப்பிடுகிறார். கேட்டால், “ஹட்டன் தேயிலைத் தோட்டத்து ஆள்தானே, இதில் என்ன பிழை?” என்கிறார். உண்மையிலேயே பிழை இல்லையா?

தேயிலைப்பேரன்: வசைதான் அண்ணை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையும் தோட்டத்தில்தான் இருந்தார்; அவரை யாராவது அப்படி அழைத்தார்களா? லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், வாழும் கூலி, படிப்பில்லாதவன், சாதியில் குறைந்தவன் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலேயர் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு என் தாத்தா இந்தப் பக்கம் வந்தார். இங்கே தமிழர்கள் வாயிலிருந்தே அதைக் கேட்டார்.

கடலோரத்தாள்: எங்கள் வீட்டில் தலை சீவாமல் வந்தாலே அப்படித்தான் திட்டுவார்கள். தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தை நினைத்து அல்ல.

தேயிலைப்பேரன்: நினைக்காமலே வருகிறது என்றால் அது எவ்வளவு ஊறியிருக்கிறது, அக்கா! இனம் சொல்ல வேண்டுமானால் மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். மூட்டை தூக்குபவனைக் கூப்பிட அதுவும் தேவையில்லை, அவனுக்குப் பெயர் இருக்கிறது.