சரியையிலேயே நின்றுவிட்டவர்கள்: உங்கள் அனுபவம்?

ஆரூர்ப்பக்கம்
அப்போது விசேட தீட்சை (சிவபூசை செய்யத் தகுதி தரும் சைவ தீட்சை) வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கழுத்தில் புது உருத்திராக்கம், வாய் நிறையச் சைவ சித்தாந்தம்: கோயில் தொண்டு சரியை, பூசை கிரியை, அப்புறம் யோகம், ஞானம் என்று நாலு படி. திருவாரூர்க் கோயிலில் உழவாரப் பணிக்கு, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். பிராகாரத்தில் ஒரு அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக வருகிறாராம். சும்மா இருந்திருக்கலாம். "இன்னும் சரியையிலேயே நிக்கிறீங்களேம்மா, அடுத்த படிக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. விளக்குமாற்றால் என் பாதத்தை லேசாகத் தட்டி, "தம்பி, காலை எடுங்க" என்றார். குனிந்து பார்த்தால், அவர் கூட்டிச் சேர்த்த குவியல்மேல் நிற்கிறேன். காய்ந்த வில்வம், வவ்வால் எச்சம், கற்பூரம் சுற்றிய தாள். இரண்டு வருஷமாகியும் அந்தத் தட்டு காலிலேயே இருக்கிறது.

வில்வம்72
கேட்டதே தப்பு. புலர்வதற்கு முன் கோயிலை அலகிட்டு மெழுக்கிட, அதாவது பெருக்கி மெழுகச் சொல்லி அப்பர் தன் நெஞ்சுக்குப் பாடியதே அந்த ஆரூரில்தான். அங்கே போய் இந்தக் கேள்வியா! சரியைக்கு அப்பர், கிரியைக்குச் சம்பந்தர், யோகத்துக்குச் சுந்தரர், ஞானத்துக்கு மணிவாசகர் என்பார்கள். இதில் யார் மட்டம்? எனக்கும் ஒன்று உண்டு: பூசையில் உட்கார்ந்தால் பால் பாக்கிதான் ஞாபகம் வரும். அது கிடக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது: கிரியைக்கு வந்துவிட்டோம் என்று சரியையை விடாதீர்கள். தினமும் நந்தவனத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பூ நீங்களே பறித்துக் கட்டுங்கள், கடையில் வாங்காதீர்கள். ஐந்தெழுத்தை நூற்றெட்டு உரு சொல்லுங்கள், எண்ணிக்கையை யாரிடமும் சொல்லாதீர்கள். தீட்சை வாங்கியதையும்தான்.

மருமகள்
வில்வம் ஐயா, அவர் தன் தப்பைத்தானே சொல்கிறார், அவருக்கு எதற்குப் பாடம்? நாலு படியையும் அரும்பு, மலர், காய், கனி என்றார் தாயுமானவர். என் மாமனார் அதையே பிடித்துக்கொண்டு, "காய் வந்தா பூ உதிரணும்" என்று பூசையை நிறுத்தினவர். எட்டு வருஷம் ஞானம்தான் பேசினார். போன மார்கழியில் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் திருநீறு கேட்டார். பையில் தேடினேன், இல்லை. என் நெற்றியில் இருந்ததையே விரலால் தொட்டு அவருக்கு வைத்தேன். வேர்வையோடு ஈரமாக இருந்தது.

சரி, ஆரூர், அந்த அம்மாவிடம் அப்புறம் என்ன சொன்னீர்கள்?

ஆரூர்ப்பக்கம்
ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் முறம் கிடந்தது. அதையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். காலைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.